பனிச்சாலை லாரியும் வீராசாமியின் பேச்சும்

என் தையல் கடைக்கும் பீமாராவின் கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் நாங்கள் கடை போட்டு வெகுகாலம் ஆகிறது. அவன் என்னை அக்கா என்பான். நான் அவனைத் திட்டாத நாள் குறைவு. திட்டினால் சிரிப்பான். அதில் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

சொந்தமென்று ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பத்தில் பிறந்தவன். கல்யாணங்களில் லைட் பிடிக்கப் போய், கேமரா பழகி, சொந்தமாக ஸ்டுடியோ வைத்தான். தளவானூர், சீயமங்கலம் என்று சுற்று வட்டாரமே அவனைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் அப்பாவை மண்டபத்துக்குப் பின்பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போவான். சட்டையில் சின்ன மைக்கைக் குத்தி, "உங்க பொண்ணுக்கு இன்னா சொல்லணும்னு தோணுதோ சொல்லுங்க. இப்ப யாரும் கேக்க மாட்டாங்க" என்பான். மேடையில் விறைப்பாக நிற்கிற ஆள்கூட அங்கே உடைந்துபோவார். வீடியோ கைக்கு வரும்போதுதான் பெண் அதைப் பார்ப்பாள். அழாத பெண்ணை நான் கண்டதில்லை. சுவர் வழியாக அந்தப் பேச்சு கேட்டு, எனக்கே இங்கே தைத்துக்கொண்டிருக்கும்போது கண் கலங்கியிருக்கிறது.

வேலையில் அவ்வளவு கறார். கல்யாணத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க், அதற்கு ஒரு நகல் டிஸ்க். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். டிஸ்குகளைக் கழற்றி மாட்ட வசதியாக அவன் கம்ப்யூட்டரின் பக்கத் தகடு எப்போதும் திறந்தே கிடக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகல் ஏற அரை நாள் ஆகும். அந்த நேரத்தில்தான் நம்ம பீமா துரை விளையாடுவார். லைசென்ஸ் எடுக்கப் போய் எட்டுப் போடத் தெரியாமல் திரும்பி வந்தவனுக்கு, ஏதோ வெளிநாட்டுப் பனி ரோட்டில் லாரி ஓட்டுகிற விளையாட்டின் மேல் பைத்தியம். ஆளுயரப் பனிக்கு நடுவில் ஹாரன் அடித்துக்கொண்டு போவான்.

அந்த விளையாட்டை முதலில் துபாயில் இருக்கும் அவன் மச்சான் ரஞ்சித் காசு கொடுத்து வாங்கி அனுப்பினான். பெட்டி வந்தது, அதைத் திறக்கிற நம்பர் வந்தது, போட்டுப் பார்த்தால் அது இந்தியாவில் செல்லாது என்று திரை சொன்னது. "அதே கேம்தாங்க்கா. அங்க வாங்குனா இங்க தொறக்காதாம்" என்றான். பிறகு இங்கேயே முழு விலை கொடுத்து வாங்கினான். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் அதுவும் பூட்டிக்கொண்டது. டிஸ்கை மாற்றி மாற்றி மாட்டுகிறானே, ஒவ்வொரு தடவையும் புதுக் கம்ப்யூட்டர் என்று அது கணக்குப் போட்டிருக்கிறது. ஒரே விளையாட்டை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிற திருடன் என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிட்டது. கம்பெனிக்கு எழுதினான். ரசீது கேட்டார்கள், அனுப்பினான். மறுபடி ரசீதே கேட்டார்கள்.

அவனுக்கு முகம் சிறுத்துப்போனது. "காசு குடுத்தவன நிக்க வெச்சி கேள்வி கேக்கறான்க்கா. திருட்டு காப்பி போட்டவன் ஜாலியா ஓட்டினுகிறான்" என்றான். எனக்கும் கோபம்தான். வாங்கினவனை வாசலில் நிறுத்திவிட்டு இது என்ன வியாபாரம்? "போ, நீயும் திருட்டுக் காப்பியே போடு" என்று சொல்லிவிட்டு என் மிஷினை மிதிக்கப் போய்விட்டேன்.

போட்டான். பூட்டை உடைத்த காப்பி இன்டர்நெட்டில் ஏதோ ஒரு இடத்திலிருந்து இறங்கியது. அதை ஏற்றும்போது, கம்ப்யூட்டரில் இருக்கிற வைரஸ் காவலை நிறுத்தி வைக்கச் சொன்னதாம். நிறுத்தினான். லாரி ஓடியது. ரசீது கேட்கவில்லை, நாடு கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவன் விளையாடாத நேரத்திலும் அந்தக் கம்ப்யூட்டரின் விசிறி இரைய ஆரம்பித்தது. சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. அவன் டீ குடிக்கப் போயிருப்பான், ஸ்டுடியோ பூட்டியிருக்கும், உள்ளே அது மட்டும் மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். "பீமா, உள்ள எதுவோ ஓடிக்கினே இருக்குதுடா" என்றேன். "வெயிலுக்கா" என்றான். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை.

அந்த வைகாசியில்தான் தளவானூர் வீராசாமியின் மகள் பூங்குழலிக்குக் கல்யாணம் நடந்தது. ஆனியில் வீராசாமி கழனியில் மார்வலி வந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டில் மாலை போட ஒரு நல்ல படம் இல்லாமல் ஆதார் கார்டில் இருந்ததைப் பெரிதாக்கி வைத்தார்கள். அது யாருடைய முகமோ மாதிரி இருந்ததாம். பூங்குழலி போன் செய்து, "கருமாதிக்கு முன்ன நைனா பேசுனத குடுத்துருங்கண்ணா" என்று கேட்டாள். பீமா அப்படிப் பேச வைப்பான் என்பது ஊருக்கே தெரியுமே. இவனும் தருகிறேன் என்றான்.

கல்யாண சீசன் என்பதால் பூங்குழலி கல்யாண டிஸ்கை அவன் இன்னும் தொடவே இல்லை, நகல்கூட எடுக்கவில்லை. கேமராவில் இருந்த கார்டையும் அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் போட்டாகிவிட்டது. எல்லாம் அந்த ஒரு டிஸ்கில்தான். முதலில் நகல் எடுத்துவிடுவோம், பிறகு கை வைப்போம் என்று இரண்டு டிஸ்கையும் மாட்டினான். வழக்கம் போல நகல் ஏறட்டும் என்று லாரியை எடுத்தான்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஹாரன் நின்றது. ரொம்ப நேரம் சத்தமே இல்லை. மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். திரை முழுக்க இங்கிலீஷ். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று எழுதியிருந்தது. டிஸ்க் இரண்டிலும் அதே கதி. விழுப்புரத்தில் ஒருத்தன், சென்னையில் ஒருத்தன் என்று தூக்கிக்கொண்டு அலைந்தான். இதைத் திறக்க முடியாது, பணம் கட்டினாலும் நிச்சயமில்லை என்று இரண்டு பேரும் கையை விரித்தார்கள். திரும்பி வந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒரு படம் திறக்கவில்லை, ஒரு பாட்டு திறக்கவில்லை. லாரி மட்டும் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது.

கருமாதிக்கு முந்தின நாள் பூங்குழலி அவள் அம்மா ராஜாம்பாளோடு வந்தாள். பீமா எதையும் மறைக்கவில்லை. அந்தத் திருட்டு விளையாட்டோடு வைரஸ் வந்ததையும் சேர்த்துச் சொன்னான். ராஜாம்பாள் புரியாமல் மகளைப் பார்த்தாள். சண்டை வரும், நடுவில் போய் நிற்கலாம் என்று நான் வாசலில் இருந்தேன். பூங்குழலி சண்டை போடவில்லை.

"சரி, போனது போச்சிண்ணா. அவரு பேசறப்ப நீங்கதான கூட இருந்தீங்க? இன்னா சொன்னாரு? வாய்ல சொல்லுங்க, போதும்."

பீமா யோசித்துப் பார்த்தான். அந்தச் சீசனில் எத்தனை அப்பாக்கள்! எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள், எல்லோரும் ஏதோ சொன்னார்கள். அவர்கள் பேசும்போது இவன் கண் கேமராத் திரையில் ஏறி இறங்குகிற ஒலிக்கோட்டின் மேலேயே இருக்கும், குரல் சரியாகப் பதிகிறதா என்று. எடிட் செய்ய உட்காரும்போதுதான் பேச்சையே கேட்பான்.

ஏதாவது நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லித் தொலையேன்டா என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "நான் கேக்கலம்மா" என்றான்.

ராஜாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூங்குழலி மட்டும், அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.