பெயர் ஒட்டிய நாற்காலிகள்

நாமக்கல் பேருந்து நிலையத்தில் டீயை ஊதிக்கொண்டு நின்றபோது கைபேசி சிணுங்கியது. துறை வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கும்பிடும் கைகள். யாரோ ஓய்வு பெறுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், என் புத்தி அப்படி. மேலே தள்ளிப் பார்த்தால் நாகரத்தினம் மேடத்தின் படம். விடியும்போது போய்விட்டாராம். எந்த ஊர்ப் பேருந்து என்றுகூடப் பார்க்காமல் ஒன்றில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். நடத்துனர்தான் இறக்கிவிட்டார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் என்னத்தைப் புதிதாகச் சொல்ல? எங்கள் கல்லூரியின் பொருளியல் துறையில் எனக்குப் பதினெட்டு ஆண்டு பக்கத்து மேசை. முதல்வரானாலும் கேண்டீன்காரரானாலும் அவருக்கு எல்லோரும் ‘சாமி’தான். சண்டை என்றால் இலை போட்ட மாதிரி சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். நானோ தும்முவதற்கும் அனுமதி கேட்கிற ஆள். எங்கள் இருவரையும் சேர்த்து ஒரு வேலையில் போட்டார்கள். மாநிலத்தின் உயர்கல்வியில் அடுத்து எதற்கு முன்னுரிமை தருவது என்று அரசு திட்டமிடுகிறது. ஊர் ஊராகப் போய் மக்கள் கருத்தைக் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும்.

முதல் கூட்டம் சங்ககிரியில். “கட்டடம் பெருசாக் கட்டுங்க”, “ஆடிட்டோரியத்துக்கு ஏசி போடுங்க” என்று ஊர்ப் பெரியவர்கள் மூன்று மணி நேரம் மைக்கை விடவில்லை. திரும்பி வரும்போது மேடம் சொன்னார்: “காலேஜுக்குப் போனவங்களையே கேட்டுட்டு இருக்கறோம் சாமி. போகாதவங்களை யாரு கேக்கறது?” அடுத்த வாரமே, புதுச்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் பிளஸ் டூ தேறியும் எந்தக் கல்லூரியிலும் சேராத பெண்களின் பட்டியலைப் பள்ளிகளிலிருந்து வாங்கிவிட்டார். ஒவ்வொருத்திக்கும் பெயர் போட்டு அழைப்புக் கடிதம் போனது.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். பட்டியலில் இருந்த நாற்பது சொச்சம் பெயர்களையும் தாளில் எழுதி, ஒரு நாற்காலிக்கு ஒரு பெயராக ஒட்டச் சொன்னார். பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். மற்றவர்களுக்குப் பதிலாக அப்பாக்கள் வந்தார்கள். “ஏனுங்க மேடம், நாங்க எங்கீங்க ஒக்கார்றது?” என்றார் ஒருவர். “நில்லுங்க சாமி. இது உங்க புள்ளைங்க எடம்” என்றார் மேடம். மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார். வெள்ளை வேட்டி கட்டிய அத்தனை ஆண்களும் சுவரோரம் நின்று காலி நாற்காலிகளைப் பார்த்தார்கள். ஒருவர் தன் மகள் பெயரின் மேல் துண்டைப் போட்டு மூடினார். பட்டப்பகலில் எனக்குக் கழுத்து மயிர் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் ஓர் அம்மா வந்தார். கோகிலா என்ற பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, நாற்காலியில் உட்காராமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “என்ற புள்ளைக்கு லெட்டர் வந்துச்சுங்க. காய்ச்சல்ல போயி ஏழு மாசமாச்சுங்க” என்றார். சேராதவர்கள் பட்டியல் என்றால் செத்தவளும் சேராதவள்தானே! எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. நான் பதறிப்போய் தாளைக் கிழிக்கக் கை நீட்டினேன். அந்த அம்மா தடுத்தார். “கிழிக்காதீங்க சார். கூப்புட்டீங்கல்ல, வந்திருக்கறா. அவளைக் கேளுங்க.”

மேடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, வந்திருந்த பெண்களிடம் கேட்ட அதே குரலில், படிவத்தின் முதல் கேள்வியைக் கேட்டார்: “ஏன் சாமி காலேஜ்ல சேரலை?”

அந்த அம்மா நாற்காலிப் பக்கம் காதைச் சாய்த்தார். “லேப் முடிஞ்சு வர்றதுக்கு பஸ் இல்லீங்களாமா. இருட்டுல நடந்து வரோணும்னு அப்பன் வேண்டாம்னுட்டாருங்களாம்.”

“என்ன செஞ்சா சேருவ?”

“ஆறு மணிக்கு மேல ஒரு பஸ் உட்டாப் போதுமாங்க.”

மூன்றாவது கேள்வி, ஐந்தாண்டு கழித்து என்னவாக இருக்க ஆசை என்பது. மேடம் அதையும் கேட்டார். அந்த அம்மா வெகுநேரம் காதை எடுக்கவில்லை. “அதை மட்டும் கேக்க வேண்டாங்கறா” என்றார். நான் அப்படியே எழுதினேன். சுவரோரத்திலிருந்து ஒருவர் தன் மகளின் நாற்காலி வரை வந்து, “என்ற புள்ளையும் பஸ்ஸுன்னுதானுங்க சொல்லுவா” என்றார். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள்.

கருத்துகளைத் தொகுக்கும் நிறுவனத்திலிருந்து பேசினார்கள். இறந்தவர் கருத்து செல்லாது, நீக்கி அனுப்புங்கள் என்றார்கள். “உசுரோட இருக்கறவங்க எத்தனை பேரு நெசம் சொன்னாங்க? அது இருக்கட்டும்” என்று மேடம் இரண்டு மாதம் சண்டை பிடித்தார். அதற்குள் படுக்கையில் விழுந்தார். அடுத்த அழைப்பு எனக்கு வந்தது. நீக்காவிட்டால் என் பெயர் மேலே புகாராகப் போகும் என்றார்கள். அழித்துவிட்டேன். ஒரே தட்டு, அவ்வளவுதான் கோகிலா. மறுநாள் சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேடம் மெல்லக் கேட்டார்: “கோகிலா இருக்கறாளா சாமி?” “இருக்கா மேடம்” என்றேன். “சரி சாமி, நல்லாருங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

சேந்தமங்கலத்தில் அவர் வீட்டுக்குப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் கோகிலாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. குந்தி உட்கார்ந்து, “உங்க பொண்ணு சொன்னதை நான்தாங்க அழிச்சேன்” என்றேன்.

“தெரியுமுங்க. போன வாரம் மேடம் போன் பண்ணுனாங்க. ‘எடுத்துட்டாங்கன்னு ஆபீஸ்ல இப்பத்தான் சொன்னாங்க சாமி. நம்ம சாருதான், பயந்த ஆளு, நாளைக்கு என்னைப் பாக்க வர்றாரு, வையாதீங்க. நான் போயி அவகிட்ட நேர்லயே சொல்லிக்கறேன்’னாங்க. ஆருகிட்டன்னு அன்னிக்கு எனக்கு வெளங்கலீங்க.”

மறுநாள் அலுவலகம் போய் கோகிலாவின் மூன்று பதில்களையும் திரும்ப ஏற்றினேன். யாரைக் கேட்டு என்றார்கள். என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். மேடத்தைத் தெரிந்த உங்களிடம் அவர் கொடுத்த புத்தகமோ, திட்டிய திட்டோ இருக்கும். என்னிடம் இருப்பது, நான் அவருக்குச் சொன்ன பொய். எல்லாம் தெரிந்தே, முகம் கோணாமல், “சரி சாமி, நல்லாருங்க” என்று அவர் கேட்டுக்கொண்ட பொய்.