செட்டில் ஆன கடன்

போன வருஷம் ஆவணி மாதம். நாகர்கோவிலில் ஒரு வங்கியின் மாடியில், கல்விக் கடன் மேஜைக்கு முன்னால் நானும் என் மகளும் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. பணம் கட்டக் கல்லூரியில் கொடுத்திருந்த கெடு அந்த வாரத்தோடு முடிகிறது. கடன் கிடைத்தால் படிப்பு, இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். கையில் வேறு வழி எதுவும் இல்லை.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். மகள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு நேராக லேபுக்குத்தான் வருவாள். வீட்டில் ஆள் கிடையாதே. அங்கே இருந்த நர்சுகளைப் பார்த்துப் பார்த்து வந்த ஆசை இது. எங்கள் மாவட்டத்தில் நர்சிங் முடித்த பிள்ளைகள் பாதிப் பேர் ஏதாவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். இவளும் அப்படிப் போய்விட்டால் நான் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. பொய் சொல்வானேன்.

கடன் பிரிவு அதிகாரி சின்ன வயதுப் பெண். கம்ப்யூட்டரில் எதையோ பார்த்தவர், என் மகளைக் கீழே போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். அவள் படியிறங்கியதும் குரலைத் தணித்துக்கொண்டு, என் பேரில் ஒரு கிரெடிட் கார்டு ‘செட்டில்’ ஆகியிருக்கிறதே என்று கேட்டார். நான் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து, “ஆமா மேடம், நான்தான் செட்டில் பண்ணினேன்” என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு. இதைச் சிரித்துக்கொண்டே சொன்ன ஆளை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். பாவம், என்னை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கார்டின் கதையைச் சொன்னால்தான் மீதி விளங்கும்.

எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, மஸ்கட்டில் இருந்த என் கணவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அஞ்சுகிராமம் பக்கத்தில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்கிற கடை போட்டார். சம்பளச் சீட்டு என்று ஒன்று வீட்டில் எனக்குத்தான் இருந்தது. அதனால் கார்டு என் பேரில் வந்தது. வந்த நாளிலிருந்து அது இருந்தது அவருடைய பர்ஸில். கடைக்குச் சரக்கு, அவர் தங்கை கல்யாணத்துக்கு நகை, சரக்கு ஏற்ற அவர் பேரில் கடன் போட்டு வாங்கின வண்டிக்கு மாதத் தவணை என்று எல்லாமே அதில்தான் ஓடியது. வண்டித் தவணைக்குக் கார்டு நேரடியாக ஆகாது. அதற்குத் தெரிந்த கடை ஒன்றில் சரக்கு வாங்கியதுபோல் ஆன்லைனில் கார்டைப் போட்டு ரொக்கமாக வாங்கிக்கொள்வார். ஓ.டி.பி. மட்டும் எனக்கு வரும். ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தால், ஒரு கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே எண்ணைச் சொல்வேன். புருஷனிடம் எதற்கு என்று கேட்பதா என்று அப்போதெல்லாம் ஒரு நினைப்பு.

பிறகு எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. என் அண்ணன் வீட்டில் வைத்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். நகை யாருக்கு, பிள்ளை யாரிடம் என்று எல்லாம் பேசி முடித்து, காபியும் வந்தபிறகு நான் கார்டில் மிச்சம் நின்ற கடனைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவருடைய பெரியப்பா டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்:

“கார்டு பிள்ளைக்க பேர்லல்லா இருக்கு. அப்ப அது பிள்ளைக்க கடனாக்கும்.”

பிள்ளை என்று அவர் சொன்னது என்னை. யாரும் மறுத்துப் பேசவில்லை. என் அண்ணன் உட்பட. தங்கச்சி கையெழுத்துப் போட்ட இடத்தில் தான் வாய் திறந்தால் தன் தலையில் வந்து விழும் என்று பயந்திருப்பான். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மகளைக் கூட்டிக்கொண்டு வடசேரியில் வாடகை வீட்டுக்கு வந்தேன். மாதா மாதம் கார்டு பில்லில் ‘மினிமம்’ என்று ஒரு தொகை போட்டிருக்கும். குறைந்தது இவ்வளவு கட்டினால் போதும் என்று அர்த்தம். நானும் கர்ம சிரத்தையாக அதைக் கட்டி வந்தேன். வட்டிக்கே அது காணாது என்று எனக்குத் தெரியாது. கட்டக் கட்டக் கடன் ஏறிக்கொண்டே போனது. நாளெல்லாம் பிறத்தியார் உடம்பில் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்கிறவள் நான். என் வீட்டில் ஏறிக்கொண்டிருந்தது தெரியவில்லை.

மகளுக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம் அந்த மினிமமும் நின்றது. அதற்குப் பிறகு கடன் வசூல்காரர்களின் போன்கள் தொடங்கின. சென்னையிலிருந்து, வேறு எங்கிருந்தெல்லாமோ. மரியாதை கெட்ட பேச்சு. லேப் நம்பரைக் கண்டுபிடித்து அதற்கே கூப்பிட்டார்கள். ரிசல்ட் வாங்க நோயாளிகள் நிற்கும்போது ரிசப்ஷன் பெண் எட்டிப்பார்த்து, “அக்கா, ஒங்களுக்குப் பேங்க்ல இருந்து” என்பாள். வீட்டு ஓனரம்மாவுக்கும் ஒரு நாள் போன் போனது. அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிட்டது.

அப்படி ஒரு நாள் எடுத்த போனில்தான் அந்தக் குரல். கொஞ்சம் வயதான ஆள்.

“மக்களே, நான் நம்ம ஊருகாரனாக்கும். தக்கலைப் பக்கம். நீ ஒண்ணும் பயப்படாண்டாம், கேட்டியா.”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஆளைக் கூப்பிடும்போதும் ‘மக்களே’ என்போம். பெற்றவர்கள் கூப்பிடுவது, பாசமாக இருக்கிறவர்கள் கூப்பிடுவது. என் அப்பா போனபிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. லேபின் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பஞ்சாயத்தில் நடந்ததைக்கூடச் சொன்னேன். அவரும் “உம், உம்” என்று கேட்டார். அண்ணனிடம் அழாத அழுகையை ஒரு வசூல்காரரிடம் அழுதேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்தான் வழி சொன்னார். மொத்தமாக ஒரு தொகை கட்டிவிட்டால் மீதியைத் தள்ளுபடி செய்துவிடுவார்களாம். அதோடு போன் வராது, ஆளும் வராது. எல்லாம் செட்டில்.

செட்டில் என்பது எங்கள் ஊரில் நல்ல வார்த்தை. மகன் துபாயில் செட்டில், மகள் கட்டிக்கொடுத்து செட்டில் என்றுதான் நாங்கள் கேட்டிருக்கிறோம். ஒருவரைப் பற்றி இதைவிட நல்ல சேதி கிடையாது. அந்த வார்த்தையில் குழி இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் மிச்சமிருந்த தங்கம் தாலிச் செயின்தான். கடையில் தாலியை மட்டும் கழற்றி ஒரு தாளில் மடித்துக் கையில் தந்துவிட்டு, செயினை எடைபோட்டார்கள். அழுகை வரவில்லை. பணத்தைக் கட்டினேன். சில நாளில் ‘செட்டில்டு’ என்று ஆங்கிலத்தில் போட்டு ஒரு கடிதம் வந்தது. அதன் மூலையில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் குழியைத்தான் அன்று வங்கியில் அந்த அதிகாரி எனக்கு விளக்கினார். முழுசாகக் கட்டினால் ‘குளோஸ்டு’ என்று பதிவாகும். ‘செட்டில்டு’ என்றால் கட்ட முடியாமல் பேரம் பேசியவர் என்று அர்த்தமாம். எந்த வங்கியில் போய்ப் பேரைத் தட்டினாலும் பல வருஷத்துக்கு அது முன்னால் வந்து நிற்குமாம். தள்ளுபடியான மீதியையும் கட்டி, கடிதம் வாங்கி, பதிவை மாற்றலாம். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும். எங்களுக்கு இருந்ததோ அந்த வாரம் மட்டும்.

“பிள்ளையோட அப்பா இருக்காங்களா மேடம்? உங்க பேருக்குப் பதிலா அவங்க பேரைச் சேர்த்துப் போடலாம்” என்றார்.

மகள் ஜெராக்ஸோடு வந்து நின்றாள். நாளைக்கு வருகிறோம் என்று எழுந்துவிட்டேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, மணிமேடைப் பக்கம் ஒரு ஜூஸ் கடை ஓரமாக நின்று அந்தத் தக்கலைக்காரரைக் கூப்பிட்டேன். நம்பர் என் போனில் இன்னும் இருந்தது. அதே குரல். என்னை நினைவுபடுத்த நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. “ஒரு நாளைக்கி எத்தன பேர்ட்ட பேசுகேன் மக்களே, எப்படி ஓர்மை இருக்கும்?” என்றார். இப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

“தெரியாம இருக்குமா? அன்னைக்கி ஒனக்கு என்ன வேண்டியிருந்து? போன் நிக்கணும். நின்னுதா இல்லியா? எனக்கும் மாசக் கடைசியில டார்கெட் இருக்கும் மக்களே.”

ஏசுவதற்கு வாயில் வந்த வார்த்தைகளை எல்லாம் விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. திட்டிய சென்னைக்காரர்கள்கூட எனக்கு இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

மறுநாள் காலையில் மகளுடைய அப்பாவுக்குப் போன் செய்தேன். பல வருஷத்துக்குப் பிறகு. விஷயத்தைச் சொன்னதும், “அதுக்கென்ன, வாறேன்” என்றார். அவ்வளவு லேசாக. மறுப்பார், இழுத்தடிப்பார், நாலு வார்த்தை கேட்பார் என்று அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. சொன்ன நேரத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். மகள் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன்.

அதிகாரி அவருடைய விவரத்தைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “சார், உங்க கிரெடிட் ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கு. வண்டி லோன்ல ஒரு மாசம்கூடத் தவறலியே” என்றார்.

அந்த வண்டி லோன். என் கார்டைப் போட்டுப் போட்டு, நான் எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கட்டின தவணைகள். நாங்கள் சேர்ந்து இருந்த வருஷமெல்லாம் அந்தத் தவணை என் தலையில் ஏறியதே தவிர அவர் பக்கம் ஒரு புள்ளி கறை விழவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தெரிந்து பார்க்காமல் இருந்தாரா, மறந்தே போய்விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்.

கீழே இறங்கி வந்ததும் மகளுக்கு சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, எதுவானாலும் அப்பாவிடம் கேள் என்று தலையைத் தடவிவிட்டுக் கிளம்பிப் போனார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதுவரை அவளிடம் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் அப்பாவைப் பற்றி அவள் மனதில் எதையும் போடக்கூடாது என்றிருந்தேன். அன்று அடக்க முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“நீ முழுசாக் கட்டியிருந்தா அப்பாவக் கூப்பிட்டிருக்காண்டாம் இல்லியாம்மா?”

செயினைப் பற்றிச் சொல்லியிருந்தேன், ஓ.டி.பி.யைப் பற்றிச் சொல்லியிருந்தேன், பெரியப்பா சொன்னதையும் சொல்லியிருந்தேன். அத்தனையும் கேட்டபிறகு அவளுக்குத் தோன்றியது இதுதான். படித்த பிள்ளை, கணக்கு சரியாகத்தான் போட்டது.

அவள் இப்போது ஹாஸ்டலில் இருந்து நன்றாகப் படிக்கிறாள். லோன் அப்பா எடுத்துத் தந்தார் என்று தோழிகளிடம் சொல்வாள். அது உண்மையும்தான். நான் தள்ளுபடியான மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கட்டினால் என் பேர் சரியாகும் என்கிறார்கள். இதை வாசிக்கிற பெண்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: வங்கிக் கம்ப்யூட்டருக்குச் செலவு செய்தவர் யார், கட்டியவர் யார் என்பதெல்லாம் தெரியாது, பேர் யாருடையது என்பது மட்டும்தான் தெரியும். மகள் படிப்பு முடித்ததும் கல்விக் கடனுக்கு மாதத் தவணை தொடங்கும். அவளுக்கு வேலை கிடைக்கும்வரை அதை நான்தான் தவறாமல் கட்டுவேன், அப்போதும் நல்ல பேர் அவருடைய கணக்கில்தான் ஏறும் என்பது நன்றாகத் தெரிந்துகொண்டே கட்டுவேன்.