விரல் இல்லாத கை

வேர்வையும் தோலும் கலந்த புளித்த நெடி. அண்ணனுடைய தகரப் பெட்டியைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான். உள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, தலையணை மாதிரி உப்பிய, கையில் மாட்டுகிற இரண்டு சிவப்புத் தோல் உறை. அப்போது எனக்குப் பதினோரு வயசு.

எங்களுக்குக் கச்சிராயபாளையம் பக்கம். அப்பா, அம்மா, பெரியப்பா எல்லாருக்கும் கரும்பு வெட்டுதான் வேலை. பட்டாளத்துக்குப் போன அண்ணன் அங்கே குத்துச்சண்டை கற்றுக்கொண்டு, அவன் படைப்பிரிவில் யாரும் ஜெயிக்க முடியாத ஆளாக ஆகிவிட்டான் என்று கடுதாசி வரும். ஒருமுறை போட்டோ அனுப்பினான். கையில் "கப்பு". ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அம்மா கப்பைப் பார்க்கவில்லை. "எம்புள்ளைய அடிச்சிக்கினு கீறாங்க" என்று, அவனை ஊருக்கு அனுப்பச் சொல்லி அதிகாரிக்கு மனு எழுத வைத்தாள். லீவில் வந்தவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "எனக்குக் கண்ணுதாம்மா வீங்குச்சி. அவன் ஆஸ்பத்திரில கீறான்."

அந்த லீவுதான் கடைசி. பங்களாதேஷ் சண்டையில் ஒரு ஆற்றைத் தாண்டும்போது குண்டு பட்டது, உடம்பு கிடைக்கவில்லை என்று தந்தி வந்தது. பிறகு இந்தப் பெட்டி வந்தது.

எங்களில் கல்யாணம் ஆகாத ஆம்பளை செத்தால், வாழைக்கன்றுக்கு அவன் கையால் தாலி கட்ட வைத்துத்தான் எடுப்பார்கள். அது ஆகாமல் கருமாதி கிடையாது. உடம்பே இல்லாதபோது கைக்கு எங்கே போவது? பெரியப்பாதான் சொன்னார். "அவன் வேர்வை அந்த உறையிலதான் கீது. அத்தயே கையா வெச்சிக்கலாம்."

வாசலில் வாழைக்கன்று நட்டார்கள். பெரியப்பா மஞ்சள் கயிற்றை உறைமேல் வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை குனிந்தபோது அம்மா எழுந்து வந்தாள்.

"எம்புள்ளைக்கு அஞ்சு வெரலு மாமா. இது அவன் கை இல்ல."

"ஊரு இன்னா சொல்லும்மா?"

"அவன் செத்தத ஊரு பாத்துச்சா?"

உறை இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழவில்லை. அன்றோடு நின்றது. கருமாதி இல்லை, படையல் இல்லை. பிறகு எத்தனை வருஷம் கழித்து யார் கேட்டாலும் "பட்டாளத்துல கீறான்" என்பாள். நாங்கள் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

அப்பா போனார். பெரியப்பா போனார். இப்போது அந்த வீடும் இல்லை. உறையை எலி தின்றது, போட்டோவைக் கரையான் தின்றது. அவன் சண்டை போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. முகம்கூடச் சரியாக நினைவில் இல்லை.

போன வருஷம் அம்மாவும் போனாள். கருமாதிப் படையலுக்கு என் பிள்ளைகள் ஒரு இலை போட்டார்கள். நான் பக்கத்தில் இன்னொரு இலை போட்டுச் சோறு வைத்தேன். அது யாருக்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவனைத் தெரிந்த ஆள் அங்கே யாரும் இல்லை.