செவலையின் இடது காது

காலை ஏழேகால். வானொலியில் டெல்லிச் செய்தி தொடங்கியிருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பச் சேலை மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, செவலைக்கு ஒரு காது விழுந்துட்டு" என்று முற்றத்திலிருந்து மகள் சொன்னாள். குரலில் பதற்றமே இல்லை. தனக்கு ஒரு பல் விழுந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

செவலை எங்கள் வீட்டு நாய். எங்கள் தெரு முழுக்க விசைத்தறிக் கூடங்கள். பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டும். அந்த இரைச்சலுக்குள்ளும் எங்கள் வாசல் கொக்கியை யாராவது தொட்டால் அது எழுந்துவிடும். இரண்டு காதுகளும் எப்போதும் விறைத்து நிற்கும், தூக்கத்தில்கூட. நான் எட்டிப் பார்த்தபோது வலது காது நின்றது. இடது காது ஈரத் துணியைப் போலக் கன்னத்தில் தொங்கியது. தலை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. வாயோரம் எச்சில் நூலாக வடிந்தது.

"தொடாதட்டி" என்றேன். அதற்குள் அவள் அந்தக் காதைத் தூக்கி நிறுத்தப் பார்த்துவிட்டாள். செவலை கத்திக்கொண்டே திரும்பி அவள் மணிக்கட்டில் பல்லை வைத்தது. பிறகு அதுவே மிரண்டு, குளியலறைக்குள் ஓடித் தொட்டியின் பின்னால் ஒடுங்கியது. நான் தகரக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன்.

மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு. ஆழமில்லை. ஆனால் ரத்தம் துளிர்த்திருந்தது.

வெறிநாய்க் கடி பற்றிய பாடத்தை ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். எச்சில் வடியும், தாடை தொங்கும், தண்ணீர் குடிக்காது, பழகியவரையே கடிக்கும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகளைச் சேர்ந்து சொல்லச் சொல்வேன். அன்று சோப்பு நுரையில் அவள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்த வரிகள் பிள்ளைகளின் குரலிலேயே எனக்குக் கேட்டன. இவள் எனக்கு முப்பத்தாறு வயதில் பிறந்தவள். இனி இல்லை என்று எல்லாரும் முடிவுகட்டிய பிறகு பிறந்தவள்.

ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

"ஊசின்னா தொப்புளச் சுத்திப் பதினாலு போடணும். சின்ன உடம்பு. நாய்க்கு வெறின்னா இன்னைக்கே ஆரம்பிச்சிருவோம், யோசிக்கவே வேண்டாம். வெறி இல்லைன்னா பிள்ளையை எதுக்கு வதைக்கணும்? மாட்டு டாக்டரைக் கூட்டிட்டு வந்து நாயைக் காட்டிட்டு வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். அதை யாரும் அடிச்சிரக் கூடாது. செத்துட்டுன்னா நமக்கு ஒண்ணுமே தெரியாமப் போயிரும்."

மாட்டு டாக்டர் அன்று ஊரில் இல்லை. குருவிகுளம் பக்கம் ஏதோ கிராமத்தில் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தார். எந்தக் கிராமம் என்று அங்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும். எங்களோடு வந்திருந்த என் கணவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே பஸ் ஏறினார். நான் மகளை நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தெருவில் விஷயம் பரவிவிட்டிருந்தது. பக்கத்துத் தறிக்கூடத்து அண்ணாச்சி முற்றத்தில் நின்றார். அவரோடு இரண்டு ஆட்கள். ஒருவர் கையில் உலக்கை, எங்கள் வீட்டு உலக்கை.

"தள்ளுங்க டீச்சர். ஒரே போடு. சோலி முடிஞ்சிரும்."

"டாக்டர் கொல்லப்படாதுன்னு சொல்லியிருக்காரு அண்ணாச்சி."

"அவருக்கென்ன, சொல்லுவாரு. தெருவுல எத்தன பிள்ள ஓடியாடித் திரியுது. கதவப் பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா டாக்டரா வந்து நிப்பாரு?"

அவர் கேட்டது நியாயம். அந்தக் கதவு ஓர் உதைக்குத் தாங்காது. என் பிள்ளையைக் கடித்த நாய் சாக வேண்டும் என்றுதான் என் உடம்பும் சொன்னது. ஆனாலும் முக்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. அதுக்கு மேல உங்க இஷ்டம்" என்றேன். அண்ணாச்சி உலக்கையை வாங்கிச் சுவரில் சாய்த்தார். ஆனால் யாரும் போகவில்லை.

கதவுக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக ஒரு தட்டில் தண்ணீரைத் தள்ளினேன். செவலை வந்து முகர்ந்தது. நாக்கை நீட்டப் பார்த்து, முனகி, பின்வாங்கியது. தண்ணீர் குடிக்காது.

அப்போதுதான் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, அதுக்குக் காதுக்குள்ள புண்ணு. அதான் நான் புத்துமண்ணு வச்சேன்."

"என்னத்தட்டி வச்ச?"

"கோயில் புத்துமண்ணு. எனக்குச் செரங்கு வந்தப்ப நீங்க கொழச்சுப் போட்டீங்கள்லா, அதே மாதிரி. தெனமும் வச்சேன்."

"காதுக்குள்ளயா?"

"பொறகு? புண்ணு உள்ளதான இருந்துச்சு."

எங்கள் ஊரில் அந்தப் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. கோயிலிலிருந்து உருண்டையாக வாங்கி வந்து பூஜை மாடத்தில் வைத்திருப்போம். சிரங்கு, தேமல், பூச்சிக்கடி எதுவானாலும் தண்ணீரில் குழைத்துப் பூசுவோம். அவள் பார்த்ததைத்தான் செய்திருக்கிறாள். தனக்குத் தேறியது நாய்க்கும் தேறும் என்று நம்பியிருக்கிறாள்.

உலக்கைக்காரர் சிரித்துவிட்டார். "சாமி மண்ணு வச்சா காது விழுந்துச்சு? அப்படின்னா நம்ம ஊர்க்காரன் காதெல்லாம் தரையிலல்லா கெடக்கணும்."

"சும்மா கெடவே" என்றார் அண்ணாச்சி. ஆனால் அவர் பார்வை முதல் தடவையாக உலக்கையை விட்டு விலகியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண் அடைத்துக் காது விழுந்திருக்கலாம். எச்சில் எதற்கு? தண்ணீர் ஏன் இறங்கவில்லை? காதுக்குக் காரணம் கிடைத்தும் என் பயம் அப்படியே நின்றது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன். இத்தனை சீக்கிரம் எதுவும் வராது என்று பாடம் நடத்தியவளுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டேன். நாலாவது தடவை, "வயிறு முட்டிட்டும்மா" என்று அழுதாள். இன்றும் அவள் தண்ணீர்ச் செம்பை வாயருகே கொண்டுபோய் ஏதோ பேச்சில் நிறுத்தினால், அவள் ஒரு மடக்காவது குடிக்கும் வரை நான் கண்ணை எடுப்பதில்லை.

மத்தியானம் போயிற்று. தறிக்காரர்கள் முறை வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அண்ணாச்சி வீட்டிலிருந்து எனக்கும் சோறு வந்தது. பிசைந்து அப்படியே வைத்துவிட்டேன். கதவுக்கு உள்ளே செவலை தலையை உதறும்போதெல்லாம் அந்தக் காது தகரத்தில் பட்டுப் பட்டென்று ஒலித்தது.

வெயில் சாய்ந்த பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பின்னாலிருந்து என் கணவர் இறங்கினார், தலை முதல் கால் வரை கரிசல் புழுதி. ஓட்டி வந்தவர் மாட்டு டாக்டர். என் வயதுதான் இருக்கும். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் ஒரு சாக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தச் சொன்னார். செவலை இரண்டு தடவை கத்தியது. அதன் பிறகு வெகுநேரம் சத்தமில்லை. என் கணவர் என் தோளைப் பிடித்தாரா, நான் அவரைப் பிடித்தேனா, நினைவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது சட்டையில் ரத்தமும் மண்ணும் இருந்தன. தொட்டித் தண்ணீரை மொண்டு கை கழுவிக்கொண்டே பேசினார்.

"காதுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு. அது மேல மண்ணு கல்லா இறுகிக் கெடக்கு. அரிப்புத் தாங்காம உதறி உதறி, மடல்ல நரம்பு அறுந்து ரத்தம் கட்டிக்கிட்டு. அந்தப் பாரத்துலதான் காது விழுந்திருக்கு. காது வலியில வாயத் தெறக்க முடியல, அதான் எச்சி. மண்ணை எடுத்ததும் இப்ப என் கையாலயே ரெண்டு மடக்குக் குடிச்சிட்டு."

"அப்ப வெறி இல்லையே டாக்டர்?" என்றேன்.

அவர் ஜன்னலில் நின்ற மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் பாத்த வரைக்கும் இல்லம்மா. ஊசி இப்ப வேண்டாம்னு உங்க டாக்டருக்கு எழுதித் தாரேன். ஆனா பத்து நாள் போகாம நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், வெறின்னா நாய் அதுக்குள்ள செத்துரும். அதுவரைக்கும் விடிஞ்சதும் இதுக்குத் தண்ணி வச்சு, குடிக்குதான்னு பாருங்க. குடிக்கலைன்னா எனக்காகக் காத்திருக்க வேண்டாம், பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருங்க."