என் பெயரில் தம்பி போட்ட கோலங்கள்

என் தம்பி ரவிச்சந்திரன் ஜெயித்த பரிசுகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2009 பொங்கலுக்கு ஒரு ரைஸ் குக்கர். அதுதான் முதல் போட்டி. எதிரே போட்டவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கோலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள். 2011 தீபாவளிக்கு ஒரு காற்றாடி. விடிய விடிய மழை. வாசல் வரைக்கும் தண்ணீர் வந்து பாதிக் கோலம் கரைந்துவிட்டது. நடுவர்கள் பக்கத்துச் சந்தில் இருக்கும்போதே தரையைத் துடைத்துத் திரும்பப் போட்டான். 2014 பொங்கலுக்கு ஒரு மிக்சி. அண்டை வீட்டுக் கோழிகள் மயிலின் தோகையைக் கொத்தித் தின்றுவிட்டன. சாயம் போட்ட அரிசியும் தீர்ந்துபோயிருந்தது. அந்த வருடம் ரப்பர் இலை சீக்கிரமே சிவந்து உதிர ஆரம்பித்திருந்தது. அதை அள்ளி வந்து நொறுக்கித் தோகையை முடித்தான். 2017-இல் ஒரு சைக்கிள். வலது கட்டைவிரலில் வெட்டுக் கத்தி பட்டுக் கட்டுப் போட்டிருந்ததால், முழுக்க இடது கையால் போட்டது. 2022 தீபாவளிக்கு ஒரு பெரிய ஹேம்பர் பரிசுக்கூடை. அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல்.

ஐந்தும் என் வீட்டுக்குத்தான் வந்தன. கூடக் கொடுத்த சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் 'திருமதி ஜெயமலர்' என்றுதான் இருக்கிறது. நான்தான் அந்த ஜெயமலர், ரவியின் அக்கா. நாலு புள்ளிக் கோலம்கூட எனக்குக் கோணாமல் வராது.

நாங்கள் பிறந்தது புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா சின்னையாவும் அம்மா மருதம்மாளும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு இருட்டிலேயே போய்விடுவார்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுவது என் பொறுப்பு. எனக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. என்னைவிட நாலு வயது இளையவன் ரவி, தானாகவே மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். நான் அவனுடைய பள்ளிச் சட்டையைத் தேய்த்துக் கொடுப்பேன். அக்கம்பக்கத்து லய வீட்டுப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "ஜெயமலருக்குக் கை நல்லா வருது" என்பார்கள். நாங்கள் இருவரும் மறுத்துப் பேசவில்லை.

அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மார்கழிக் காலையில் பெரிய பையன்கள் சிலர் பார்த்துவிட்டார்கள். அன்று மதியம் பால் நிறுக்கும் கொட்டகையில் மண்டோர் எல்லோர் முன்னாலும் கேட்டார்:

"என்னா சின்னையா, மவனுக்கு வளையல் எடுத்தாச்சா? பொங்கலுக்குப் பாவாடையா, சீலையா?"

கொட்டகையே சிரித்ததாம். அப்பா வீட்டுக்கு வந்து, வாசலில் இருந்த கோலத்தைக் காலால் தேய்த்துவிட்டு உள்ளே போனார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. ரவி கதவோரம் நின்று அதைப் பார்த்தான்.

அவன் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. மறுநாளிலிருந்து நான் காவலுக்கு நிற்பேன்; அவன் போடுவான். ஆள் நடமாட்டம் கேட்டால் கிண்ணம் என் கைக்கு வந்துவிடும். நான் குனிந்துகொள்வேன், அவன் பல் விளக்கப் போய்விடுவான்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசல் கோலத்திலேயே மயங்கிவிட்டார்கள். கல்யாணமாகிப் போன வீட்டில் முதல் வெள்ளிக்கிழமை நான் போட்டதைப் பார்த்து என் மாமியார் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, கல்யாணத்துக்கு முந்தி இருந்த கை எங்க போச்சு? சீரோட அதையும் எடுத்தாறதுக்கு மறந்துட்டியா?" உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்ல மனுஷி. வெகுநேரம் சிரித்துவிட்டு, "அப்ப அந்தத் தம்பிய அடிக்கடி வரச் சொல்லு லா" என்றார்.

பிறகு தோட்டம் கைமாறியது, லயங்களை இடித்தார்கள், எல்லோரும் புதிய தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்தோம். ரவியின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. போட்டி வந்தால், யார் கண்ணிலும் படாமல் வந்து என் வாசலில் என் பேரில் போட்டுக் கொடுப்பான். இன்றைக்கும் அவன் ஒரு சிறு தோட்டத்தில் பால் வெட்டுகிறான். மரத்துக்கு வலிக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவி இறக்குவான். அதே கைதான் விரலிடுக்கில் அரிசியை இறக்குகிறது. கோடு எங்கேயும் தடிக்காது.

அவனுக்கு வருடம் முழுக்க வேலை உண்டு. தையில் பொங்கல். தைப்பூசத்துக்குச் சுங்கை பட்டாணி போகிறவர்கள் பால்குடம் வைக்கும் இடத்துக்கு ஒன்று. மாசி, பங்குனியில் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது வெட்டு குறைவு. அப்போது அலோர் ஸ்டார் பக்கத்து ஆலையிலிருந்து குருணை வாங்கி வந்து, சாயம் போட்டு, கொல்லையில் காயவைத்து, டப்பாக்களில் அடைத்து வைப்பான். ஐப்பசி மழையில் கத்திக்கு ஓய்வு. தீபாவளிக் கோலத்துக்கு நேரம் கிடைக்கும். கிறிஸ்துமஸுக்கு, கூட வெட்டும் ஏசுதாசன் வீட்டு வாசலுக்குப் பலகையில் ஒரு பெரிய நட்சத்திரம் செய்து கொண்டுபோய் வைப்பான். "அக்கா குடுத்து விட்டுச்சு" என்பான். ஏசுதாசன் மனைவி எனக்குப் பழக் கேக் அனுப்புவார். அதில் பாதியை நான் ரவி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

இப்படியே போயிருக்கும். 2024 தீபாவளிக்கு முன்னால் விதி மாறியது.

அதுவரைக்கும் நடுவர்கள் வீடு வீடாக வந்து பார்ப்பார்கள். முந்தின வருடம் யாரோ ஒருவர் ஆள் வைத்துக் கோலம் போட்டதாகப் புகார் வந்ததாம். அதனால் இனிமேல் எல்லோரும் பாலாய் ராயாவுக்கு வரவேண்டும், பொது மண்டபத்தில் எல்லோர் கண் முன்னாலும் போடவேண்டும் என்று போட்டியை நடத்தும் மகளிர் பிரிவுத் தலைவி குணசுந்தரி சொல்லிவிட்டார்.

"ஆள் வச்சுப் போடுறது அநியாயமில்லையா, ஜெயா?" என்று என்னிடமே கேட்டார். அநியாயந்தான் என்று தலையாட்டினேன். "ஆம்பளைங்க பேர் குடுக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கோலத்துக்கு எந்த ஆம்பள வரப்போறான்? போட்டி பெண்களுக்கு. நீங்கதான் நம்ம சாம்பியன், உங்க பேர எழுதியாச்சு. வேணும்னா உதவிக்கு ஓர் ஆள் கூட்டி வாங்க" என்றார்.

ரவியிடம் சொன்னேன். அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை.

"வேணாங்க்கா. இதோட விட்டுருவோம்."

"யாரு என்னா சொல்லப் போறா? காலம் மாறிப்போச்சுடா."

"மாறியிருக்கும். ஆனா நாளைக்குப் பால் நிறுக்குற எடத்துல நான் போயி நிக்கணும். அப்பா நின்னாரு இல்ல, அந்த மாதிரி."

அவன் விட்டது போட்டியை மட்டுமல்ல. சில வாரம் கழித்து அவன் மனைவி காஞ்சனா வந்தாள். "அண்ணி, எங்க வாசல் சும்மா கெடக்கு. அரிசி டப்பாவெல்லாம் பரண்ல ஏத்திட்டாரு. கேட்டா, வயசாச்சுங்கிறாரு. நாப்பத்தி நாலெல்லாம் ஒரு வயசா?" என்று கண் கலங்கினாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தத் தீபாவளிக்கு அவன் வெளியே வரவேண்டும். இல்லாவிட்டால் கோலம் அவனை விட்டுப் போய்விடும்.

உதவியாளாக மட்டும் வா என்று கெஞ்சினேன். "நீ அளவு மட்டும் பிடிச்சுக் குடு, மீதியை நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தான். என் கையைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் வந்தான். பரணில் இருந்து டப்பாக்களை இறக்கிக்கொண்டுதான் வந்தான்.

மண்டபத் தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் அட்டை வைத்திருந்தார்கள். என் கட்டம் நடுவில். ரவி கயிறு பிடித்து வட்டம் போட்டான், தாமரையும் இரண்டு அன்னமும் கோடு கிழித்தான். அதுவரை யாரும் கேட்கவில்லை. அரிசியில் கை வைத்ததும் குணசுந்தரி வந்துவிட்டார்.

"தம்பி, எடுத்துக் குடுக்கலாம். போடுறது அவங்க போடணும்."

நான் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ரவி பக்கத்தில் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் இதழுக்குச் சிவப்பு அரிசியை விட்டேன். ஒரு பக்கம் குவிந்தது, ஒரு பக்கம் தரை தெரிந்தது. அடுத்த கட்டத்துப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்னாக்கா, கை இப்படி ஆடுது? சுகரா?"

"வீட்டுல மருந்து போட்டுட்டு வரலியோ என்னமோ" என்றாள் இன்னொருத்தி.

இரண்டாவது இதழ் கோட்டைத் தாண்டி அன்னத்தின் கழுத்துக்குள் போய்விட்டது. கூட்டம் சேர ஆரம்பித்தது. நான் மூன்றாவதற்குக் கை நீட்டினேன். ரவி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"எந்திரிக்கா."

"டேய், எல்லாரும் பாக்குறாங்கடா."

"பாக்கட்டும். இதுக்கு மேல என்னால பாக்க முடியல. எந்திரி."

நான் எழுந்தேன். அவன் உட்கார்ந்து, நான் போட்டதை உள்ளங்கையால் ஒதுக்கி அள்ளினான். பிறகு விரல்களிலிருந்து அரிசி இறங்க ஆரம்பித்தது. இதழின் நுனி ஊசிபோல் வந்து நின்றது. குணசுந்தரி அன்னத்தின் இறகு முடியும்வரை நின்று பார்த்தார். பிறகு குனிந்து, கொஞ்சம் சங்கடத்தோடே சொன்னார்:

"தம்பி, இது போட்டியில சேராது. விதி விதிதான். அக்கா பேர எடுத்துருவேன்."

"எடுத்துருங்க" என்றான் ரவி, தலை நிமிராமல். "ஆனா முடிச்சிட்டுத்தான் போவேன்."

"யாரு வேணாம்னா? முடிங்க" என்று சொல்லி, என் பேர் அட்டையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த நேரம் பார்த்து ஏசுதாசன் மனைவியோடு உள்ளே வந்தான். கூடப் பால் வெட்டுகிற இன்னும் சிலரும் இருந்தார்கள். ரவியின் முதுகு விறைத்ததைப் பார்த்தேன்.

ஏசுதாசன் கட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தான். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"ஓய்! அப்ப இத்தன வருசமா எங்க வீட்டு ஸ்டாரு நீ செஞ்சதா? அக்கா கைன்னு அக்காவுக்கில்லடா கேக்கு குடுத்தோம்!" என் பக்கம் திரும்பினான். "அக்கா, கேக்கெல்லாம் திருப்பித் தாங்க லா!"

எல்லோரும் சிரித்தார்கள். கூட வந்தவர்களில் ஒருவன், "கத்தியத்தான் புடிப்பான்னு நெனச்சேன், இவன் என்னா அரிசியையும் சீவுறான்!" என்றான். இன்னொருவன், "ரவியக்கா, எங்க வீட்டுக்கும் ஒண்ணு!" என்று இழுத்தான். கேலிதான். ரவி நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"போடுறேன். ரெண்டு கட்டி கேக்கு. உன் பொண்டாட்டி சுடணும், நீ சுட்டா வேணாம்."

சிரிப்பு இப்போது அந்த ஆளின் பக்கம் போனது. ரவி மறுபடியும் குனிந்துகொண்டான்.

முதல் பரிசு கர்ப்பிணியாக இருந்த ஓர் இளம் பெண்ணுக்குப் போனது. நல்ல கோலம், ரவியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதன்பிறகு ஊர் மக்களுக்காக மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். சந்தைக்கு வந்தவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கடைக்காரர்கள் எல்லோரும் வந்து கட்டம் கட்டமாகப் பார்த்துப் போனார்கள். மற்றக் கட்டங்களில் பேர் அட்டை இருந்தது. இந்தக் கட்டத்தில் மட்டும் இல்லை.

ஒரு மலாய்க்கார அம்மா பேத்தியோடு வந்து வெகுநேரம் நின்றார். "சியாப்பா புவாட் இனி?" என்று கேட்டார், யார் செய்தது என்று. ரவியின் கை பழக்கதோஷத்தில் என்னைக் காட்டியது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ரவி உட்கார்ந்தான். கறுப்பு அரிசி டப்பாவைத் திறந்தான். கோலத்தின் கீழ் ஓரத்தில், வெறுந்தரையில், அவசரப்படாமல் எழுதினான். அரிசியில் எழுத்து எழுதி அவனுக்குப் பழக்கமில்லை. முதல் எழுத்தை அழித்துத் திரும்பப் போட்டான். படிவங்களில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டவன்தான். ஒரு கோலத்துக்குக் கீழே போட்டது அதுதான் முதல்.

ரவிச்சந்திரன் த/பெ சின்னையா.

அன்று சனிக்கிழமை, 26 அக்டோபர் 2024.