தனலெட்சுமி ஏறிய பஸ்கள்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் லோரிக்கார அய்யாவு என்றால் எல்லாருக்கும் தெரியும். துறைமுகத்தில் சரக்கை ஏற்றி ஷா ஆலம் கிடங்கில் இறக்குவார். பல வருடங்களாக அதே சாலைதான். வீட்டில் மனைவி வள்ளியம்மாவும், கல்யாணமாகாத தங்கை தனலெட்சுமியும்.

தனலெட்சுமிக்கு தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கிள்ளான் பஸ் நிலையத்துக்குப் போய், அதுவரை ஏறாத பஸ்ஸாகப் பார்த்து ஏறிவிடுவாள். கடைசி நிறுத்தத்தில் இறங்கி, கால் போன போக்கில் நடந்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவாள். அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. 1981-இல் ஒருநாள் அய்யாவு அவளை நிறுத்திக் கேட்டார்.

"எங்கதான் போற?"

"தெரியலண்ணே. போனாத்தான் தெரியும்."

அவருக்குச் சுரீரென்றது. எவனோ ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு தொப்பியை இறக்கி மாட்டிக்கொண்டு, அவள் ஏறிய பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்தார். அவள் பந்திங்கில் இறங்கி வேறு பஸ் ஏறினாள். அவரும் ஏறினார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே ஒரு முச்சந்தியோடு அந்த பஸ்ஸின் பாதை முடிந்தது. அவள் செம்மண் பாதையில் விறுவிறுவென்று நடந்தாள். அவர் மரம் மரமாக ஒளிந்து பின்தொடர்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

தனலெட்சுமி நின்றாள். திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

"அண்ணே, வெயில்ல காயாதீங்க. குடை இருக்கு, வாங்க."

"எப்ப பாத்த?"

"கிள்ளான்லயே பாத்துட்டேன். நீங்களும் ஊர் பாக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஒரே குடையில் இருவரும் நடந்தார்கள். பாதை ஒரு தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் போய் முடிந்தது. குழாயடியில் நின்ற ரமணி என்ற பெண் தண்ணீர் கொடுத்தாள். தனலெட்சுமியின் வேலையைப் பற்றிக் கேட்டதும் ரமணியின் கண்கள் விரிந்தன.

"எங்களுக்கும் பெக்டரிக்கு வர ஆசைதான்க்கா. இந்த மண்ரோட்டுக்குள்ள எந்த பஸ் வருது?"

லயத்துக்குப் பின்னால் லங்காட் ஆறு அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. அய்யாவு கரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ கிட்ட இருந்தும் நான் பாத்ததே இல்ல" என்றார்.

தனலெட்சுமிக்கு ரமணியின் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. தொழிற்சாலைக்கு பஸ் விடும் சீன முதலாளியான தவுக்கேயிடம் போய் நின்றாள். அவர் கையை விரித்தார்.

"அந்த ரோட்டுக்கு டிரைவர் எவனும் போக மாட்டான் லா."

"நான் ஓட்டுறேன் தவுக்கே."

அவர் சிரித்தார். லைசென்ஸோடு வந்தால் பார்க்கலாம் என்றார். வள்ளியம்மா வீட்டில் தலையில் அடித்துக்கொண்டாள். அய்யாவு சிரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு லோரியைக் காலி மைதானத்துக்குக் கொண்டுபோய், தங்கையை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தார். முதல் பரீட்சையில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் தோற்றாள். விடவில்லை. ஒவ்வொரு லைசென்ஸாக எடுத்து, பஸ் ஓட்ட வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. தவுக்கே பழைய பஸ் ஒன்றைக் கொடுத்தார், ஒரு மாதம் பார்ப்போம் என்று.

முதல் நாள் அய்யாவு லீவு போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ரமணியும் அவள் தோழிகளும் பவுடர் பூசி, பூ வைத்து லயத்து வாசலில் காத்திருந்தார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குத் திரும்பும் வழியில் பஸ் சேற்றில் புதைந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். அய்யாவும் தள்ளினார். வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த ஒரு மாதம் வருடங்களாக நீண்டது. 1992-இல் தனலெட்சுமிக்குச் சொந்தமாக இரண்டு பஸ்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பஸ்ஸை எடுத்துக்கொண்டு தெரியாத பாதைகளில் தனியாகப் போனாள். அப்படித்தான் இன்னும் சில தோட்டங்களைக் கண்டுபிடித்தாள். அங்கிருந்தும் பெண்கள் வேலைக்கு வந்தார்கள்.

பண்டமாரான் காப்பிக்கடையில் ஒருவன் அய்யாவுவைச் சீண்டினான். "அண்ணே, நீங்களும் டிரைவர், தங்கச்சியும் டிரைவர். ரெண்டு பேர்ல யாரு கெட்டி?"

அய்யாவு தேநீரை மேசையில் வைத்தார்.

"நான் ரோடு இருக்கிற எடத்துல ஓட்டுறவன்டா. அவ போய் வந்த பிறகுதான் அங்க தாரே போட்டாங்க" என்றார், அடுத்த மேசைக்கும் கேட்கிற குரலில்.