எங்கள் ஓடையில் அடம்பம்பூ

பிள்ளைகளே, அரியலூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும். சிறுவயதில் நான் போனதே இல்லை. அதனால், லாரி ஓட்டும் மாமா நாகப்பட்டினத்திலிருந்து ஈரச் சாக்கில் ஒரு கொடியைச் சுற்றிக் கொண்டுவந்தபோது, கடலையே சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று குதித்தேன்.

அடம்பங்கொடி! இலை ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்திருந்தது. உப்பங்கழி ஓரத்து மணலில் தானாகப் படர்ந்து, காலையில் ஊதாப் பூ பூக்குமாம்.

"நம்ம ஓடையிலயும் மணலும் ஈரமும் கெடக்குதே, வெச்சுப் பாப்போம்டா மாப்ள" என்றார் மாமா.

அக்கா சிரித்தாள். "கடல் இல்லாம எப்புடி மாமா பொழைக்கும்? ஒரே வாரத்துல சருகாயிடும் பாருங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்படியாவது அது பிழைக்க வேண்டும். கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி படுக்கவைத்து நட்டோம். ஆடு கடிக்காமல் கருவை முள் வைத்தோம். மறுநாளே இலைகள் துவண்டன. உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வாசலில் அம்மா மறித்தாள்.

"எங்கடா உப்பத் தூக்கிட்டு ஓடுற?"

"ஓடையில கடலு செய்யப்போறேன்!"

"உப்பில்லாத கொழம்ப உங்கப்பாவுக்கு நீயே ஊத்துறியா? வையிடா கீழ!"

மாமா என்னைத் தேற்றினார். "அது உப்பையும் தாங்கும், உப்பு இல்லாட்டியும் வளரும். தண்ணிய மட்டும் ஊத்து."

பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் ஊற்றினேன். ஒரு நாள் கணுவில் பச்சைக் குருத்து! அக்காவை இழுத்துப்போய்க் காட்டினேன்.

"பூக்கட்டும், அப்ப ஒத்துக்கறேன்" என்றாள் அவள்.

ஐப்பசி மழையில் ஓடை பொங்கிப் பாய்ந்தது. கொடி போயே போச்சு என்று சோறு இறங்காமல் கிடந்தேன். வெள்ளம் வடிந்த காலையில் அக்காவும் நானும் ஓடினோம். முள்வேலியைக் காணோம். கொடி மட்டும் கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது. அதில் ஒரு பூ, ஊதா நிறத்தில், புனல் மாதிரி விரிந்து! "சரிடா, ஒத்துக்கறேன்" என்றாள் அக்கா.

பூவைவிடப் பெரிய அதிசயம் அடியில் இருந்தது. மழை அரித்த மண்ணில், வேர்களுக்கு நடுவே, வரிவரியாகச் சிப்பிகள்! கல்லாகவே இறுகிப்போன சிப்பிகள்.

"கொடி கடலக் கூட்டியாந்துடுச்சு!" என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன்.

பல வருஷம் அப்படித்தான் நம்பினேன். அந்தக் கொடிக்கும், எங்கள் முந்திரிக்கும் கரும்புக்கும், எங்களுக்குமே வெகுகாலம் முன்னால், கடல்தான் அங்கே குடியிருந்தது என்பது அன்று எனக்குத் தெரியாது.